பிஜிமோள் ஏற்றிவிட்ட விளக்கு

மண்ணத்துருத்தில் எதையும் புதைக்க முடியாது. இரண்டு அடி தோண்டினால் தண்ணீர் எட்டிப் பார்க்கும். எரிக்கலாமென்றால் வருஷத்தில் ஆறு மாதம் விறகே நமுத்துக் கிடக்கும். அப்படியே எரிந்தாலும் அந்த வாடை வாய்க்காலைத் தாண்டிப் போய், யார் வீட்டில் யாருக்கு என்ன நாள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வரும். ஆகவே அந்தத் தீவின் பெண்கள் மாதாமாதம் தங்கள் நாப்கின் பொதிகளில் ஒரு செங்கல் துண்டைச் சேர்த்துக் கட்டி, வள்ளத்தில் போகிற போக்கில் வாய்க்காலின் நடுவில் நழுவவிட்டு வந்தார்கள். இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தது தான் ஒருத்திதான் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்காலும் நல்ல வாய்க்கால். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது, கர்க்கடகம் என்கிற ஆடி மாதத்து வெள்ளம் வரும்வரை.

வெள்ளம் எல்லாவற்றையும் கிளறி மேலே கொண்டுவந்து, படித்துறை படித்துறையாக ஒதுக்கிவிட்டுப் போனது. மற்றவர்களுடையது பரவாயில்லை. செய்தித்தாளில் சுற்றியது, ரொட்டிக் கவரில் சுற்றியது என்று எல்லாம் ஊர் பேர் தெரியாமல் நைந்திருந்தன. பிஜிமோளுடையது அப்படியில்லை. அவள் புருஷன் சஜிமோன் ஓமானில் வெல்டர். ஊருக்கு வருகிற ஆள் யாராயிருந்தாலும் கையில் பேரீச்சம்பழம் கொடுத்துவிடுவான். பழம் வருகிற மஞ்சள் கவர் கெட்டியானது, அதன் மேல் ஓர் ஒட்டகம் நிற்கும். வீணாக்க மனம் வராமல் பிஜிமோள் அந்தக் கவர்களைத்தான் இந்தக் காரியத்துக்கு வைத்திருந்தாள். தீவிலேயே ஒட்டகம் உள்ள வீடு அது ஒன்றுதான். மூன்று ஒட்டகங்கள் எதிர்க்கரையில் தங்கமணியின் படித்துறையில் முகத்தைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

நிவாரண அரிசி கொண்டுவந்த படகில் பாதி ஊர் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து, தங்கமணி வள்ளக் கழியால் ஒன்றைத் தள்ளிவிட்டுக் குரல் கொடுத்தாள். “பிஜீ, உங்க வீட்டு ஒட்டகமெல்லாம் மேய்ஞ்சுட்டு வந்திருக்கு. புடிச்சுக் கட்டிக்கோ.”

பிஜிமோளுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. பயப்படுவதில் அவள் பாரபட்சம் காட்டுவதில்லை. இடி, காஸ் சிலிண்டர், ஆலப்புழை ஆஸ்பத்திரி லிஃப்ட், மாமியார் கௌரிக்குட்டியின் இருமல், பக்கத்து வீட்டு வான்கோழி என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் இடமுண்டு. வேலை உறுதித் திட்டத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரை அள்ளுகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. காலில் எது பட்டாலும் முதலில் அலறுவது அவள்தான் என்பதால், எல்லாருக்கும் உபயோகப்படட்டும் என்று மற்ற பெண்கள் அவளை நடுவில் நிறுத்திக்கொள்வார்கள். ஒட்டகத்துக்குப் பிறகு, மிதந்து வருகிற பழுத்த இலையைக் கண்டாலும் அவள் கரையேறி நின்றாள். இனி ஒரு பொதிகூடத் தன் வீட்டிலிருந்து தண்ணீருக்குப் போகக்கூடாது என்று முடிவு செய்தாள். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

வழியைப் பஞ்சாயத்து கொண்டுவந்தது. பக்கத்துப் பஞ்சாயத்து தன்னை ‘நாப்கின் இல்லாத பஞ்சாயத்து’ என்று அறிவித்துக்கொள்ளப் போவதாகக் காற்றில் சேதி வந்திருந்தது. இவர்கள் முந்திக்கொண்டு ‘நூறு சதவீதம்’ என்று பெரிய எழுத்தில் பேனர் அடித்துப் படகுத்துறையில் கட்டிவிட்டார்கள். சதவீதத்துக்கு வேண்டிய பெண்களை அதற்குப் பிறகுதான் கூப்பிட்டார்கள். ஆளுக்கொரு மாதவிடாய்க் கப்பு இலவசம். பத்து வருஷம் உழைக்குமாம்.

முகாம் வாசகசாலையில் நடந்தது. தினமும் அங்கே பேப்பர் படிக்கிற ஆண்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். அவர்கள் வாசல் மாமரத்தடியில் போன வாரத்துப் பேப்பரை மிகுந்த ஈடுபாட்டுடன் படித்தார்கள். உள்ளே டாக்டரம்மா ரப்பர் போன்ற அந்தச் சின்னக் கிண்ணத்தை மடித்துக் காட்டினார், விரித்துக் காட்டினார், கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். அறுபது பெண்களும் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தி தன் நாத்தனாருக்காக ஒன்று கேட்டாள். இன்னொருத்தி, பிரசவத்துக்குப் போயிருக்கிற தங்கைக்காக. வராத பெண்களுக்காக வந்த பெண்கள் நிறையக் கேட்டார்கள். கடைசியில் பிஜிமோளுக்கு நேர் பின்னாலிருந்து கரகரத்த, கணீரென்ற ஒரு குரல் வந்தது.

“சம்மணம் போட்டு உக்காந்து ரெண்டு மணி நேரம் உரக்கப் பாடினா கீழ விழுந்துடுமா டாக்டர்?”

கூடமே சிரித்தது. எந்த சினிமாவுக்குப் பாடப் போறீங்க சேச்சி என்று யாரோ கேட்டார்கள். டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல், விழாது என்றார். பிஜிமோள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கிற நிலையில் இல்லை.

கப்பு வீட்டுக்கு வந்த பிறகு அவளுடைய பயங்களின் வரிசையில் அதுவே முதலிடம் பிடித்தது. உள்ளே போனது எங்கேயாவது போய்விட்டால்? கிராமச் சுகாதாரப் பணியாளர் ரத்னம்மாவிடம் போனில் கேட்டாள். “போறதுக்கு அங்க வேற வழி ஏதுடி? அது முட்டுச்சந்து” என்றாள் ரத்னம்மா. கொதிக்க வைக்க வேண்டுமே. சமையல் பாத்திரத்தில் வைக்க முடியுமா? பால் பவுடர் டின் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்துக் கொதிக்கவிட்டாள். என்ன கொதிக்கிறது என்று கௌரிக்குட்டி கேட்டாள். முட்டை என்றாள் பிஜிமோள். எத்தனை என்றாள் கௌரிக்குட்டி. ஒன்று. அந்த ஒற்றை முட்டை இலைக்கு வரும் என்று கௌரிக்குட்டி இரண்டு வேளை காத்திருந்தாள்.

அடுத்த மாதமான சிங்கத்தில் நாள் வந்தது. நல்லவேளையாகக் கௌரிக்குட்டி, பிஜிமோளின் குழந்தை அம்முவையும் அழைத்துக்கொண்டு, தன் மகள் வீட்டுக்கு அம்பலப்புழை போயிருந்தாள். வெளியே விடாத மழை. பிஜிமோள் குளியலறையில் முக்கால் மணி நேரம் குத்தவைத்து, தெரிந்த சாமி பெயரெல்லாம் சொல்லி முடித்தபோது கப்பு தன்னிடத்தில் போய் அமர்ந்திருந்தது. அடுத்த மூன்று நாள் ஆச்சரியமான நாட்கள். உரசல் இல்லை, கசிவு இல்லை, நாற்காலியிலிருந்து எழுந்ததும் திரும்பிப் பார்க்கிற வேலை இல்லை. இருபது வருஷமாக மாதம் தவறாமல் தொடையும் இடுப்பும் கொடுத்துவந்த அறிவிப்பு எதுவுமே இல்லை.

வினையே அதில்தான் இருந்தது.

நாலாம் நாள் மழை விட்டது. காலையில் கப்பைக் கழுவிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மாலைவரை தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரை அள்ளினாள். வீடு திரும்பிக் குளித்து, ஈரத் தலையோடு அடுக்களைக்குள் நுழைந்தால், மதியப் படகில் வந்துசேர்ந்த கௌரிக்குட்டி கையில் எண்ணெய்க் கிண்ணமும் திரியுமாக நின்றிருந்தாள்.

“மோளே, இன்னைக்கு ஆயில்யம், நாகங்களோட நட்சத்திரம். மழையில மூணு நாளா எந்தக் காவுலயும் வெளக்கு நிக்கல, இன்னைக்காவது நேரத்துக்கு வெக்கணும். படகு ஏறி எறங்கி என் முட்டி செத்துப்போச்சு. நீ போ.”

வீட்டின் பின்புறம் புன்னை மரத்தடியில் சர்ப்பக்காவு. இரண்டு நாகக் கற்கள், ஒரு கல்விளக்கு. அந்தி சாய்ந்தால் மருமகள் விளக்கு வைப்பாள். விலக்கான ஏழு நாளும் அவள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. அப்போது மட்டும் கௌரிக்குட்டி முட்டியைப் பிடித்துக்கொண்டு தானே போவாள். அது காலங்காலமான ஏற்பாடு.

பிஜிமோளின் கைகள் தினமும் செய்வதைச் செய்தன. எண்ணெய் விட்டன, திரியைத் திருத்தின, தீக்குச்சி கிழித்தன. சுடர் நிமிர்ந்து நின்றது. நாகக் கற்களின் எண்ணெய்ப் பிசுக்கில் வெளிச்சம் ஏறியது. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

நாலாம் நாள்.

ஊதி அணைக்கலாமா என்று நினைத்தாள். காவில் விளக்கை வாயால் ஊதுவது அதைவிடப் பெரிய குற்றம். அப்படியே விட்டுவிட்டு ஓடலாம். ஓடுவதைக் கௌரிக்குட்டி பார்ப்பாள். சஜிமோனின் பெரியம்மா ஒருத்தி இளவயதில் இதேபோலக் காவைத் தீண்டி, வாழ்நாள் முழுக்க உடம்பில் செதில் உதிர்ந்தே செத்தாள் என்பது வருஷத்துக்கு இரண்டு முறையாவது அந்த வீட்டில் சொல்லப்படும் கதை. பிஜிமோள் தன் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கற்களின் பக்கம் குனிந்து, குரல் வெளியே வராமல் சொன்னாள். “தெரியாம வெச்சுட்டேன். கப்புதான் காரணம்.”

மாமியாரிடம் உடனே சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தாள். ஆனால் கௌரிக்குட்டி அதற்குள் எதிர்க்கரைத் தங்கமணியைக் கூப்பிட்டு, மூன்று நாள் கழித்து வைத்த விளக்கு எப்படி ஆடாமல் அசையாமல் நிற்கிறது பார், நாகங்களுக்கு மனம் குளிர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிஜிமோள் வாயை மூடிக்கொண்டாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே கையால் விளக்கு வைத்தாள். திடீரென்று நிறுத்தினால் ஏன் என்ற கேள்வி வருமே.

பாம்புக்குப் பயந்து பதினைந்து நாள் அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஒரு நாள் கௌரிக்குட்டி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, மருமகளைப் பார்க்காமல் முட்டியைப் பார்த்து, “இந்த மாசம் உனக்கு ஒரு நாள்கூட வேலை வரலியே” என்றாள். மாமியார் முட்டியோடு பேசுவது புதிதில்லை என்பதால் பிஜிமோள் அதைக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் தண்ணீருக்குள் தங்கமணி பக்கத்தில் வந்து நின்றாள். சஜி ஓமானுக்குப் போய் எத்தனை மாதம் என்று கேட்டாள். பதினாலு என்றாள் பிஜிமோள்.

“அப்போ சரி.”

“என்ன சரி, சேச்சி?”

“ஒண்ணுமில்ல. மழை நாளைத் தள்ளிட்டா இந்த மாசம் பூரா காவுல உன் கையாலதான் வெளிச்சம். ஒட்டகமும் ஒண்ணும் மிதக்கல. என் கண்ணு சும்மா இருக்க மாட்டேங்குது, பாத்துத் தொலைக்குது.”

அள்ளிய ஆகாயத்தாமரை பிஜிமோளின் கையிலிருந்து நழுவியது. தண்ணீர் இடுப்பளவுதான், அவளுக்குக் கழுத்தளவாக ஏறியதுபோல் இருந்தது. காவில் யார் விளக்கு வைக்கிறார்கள் என்பது அக்கரைக்குத் தெரியும். அதை வைத்துத்தான் இந்தக் கரைப் பெண்களின் தேதிகளை அந்தக் கரைப் பெண்கள் அறிந்திருந்தார்கள். நாகங்களுக்குப் பயந்து அவள் மறைத்த நாலு நாள், மனிதர்கள் பார்வையில் ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்தது. புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்க, ஒரு பெண்ணுக்கு ஒரு மாதம் காணாமல் போனால் அதற்கு ஊர் வைத்திருக்கிற பெயர் ஒன்றுதான்.

அன்று முதல் இரண்டு பயங்கள் அவளை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டன. விலக்கானேன் என்று சொன்னால் விளக்கைத் தீட்டோடு வைத்தவள். சொல்லாவிட்டால் அதைவிட மோசமானவள். விருச்சிக மாதத்தில் சஜிமோன் லீவில் வருகிறான். அவன் வந்து இறங்குகிற படகில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள், யார் முதலில் வாயைத் திறப்பார்கள் என்பதுவரை அவளுக்குப் படமாக ஓடியது.

ஒரே நம்பிக்கை அடுத்த தேதி. அவள் உடம்பு காலை ஏழேமுக்கால் படகைவிட ஒழுங்கானது. கன்னி மாத ஆயில்யத்துக்கு இரண்டு நாள் முந்தி வந்தாக வேண்டும். வந்தவுடன் ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டால் ஒரு மாதம் தவறியதை உடம்பு அசதி என்று பூசி மெழுகிவிடலாம். டின்னைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் மூன்று முறை கொதிக்க வைத்துத் தயாராக இருந்தாள்.

தேதி வந்தது. வேறெதுவும் வரவில்லை.

ரத்னம்மாவுக்குப் போன் போட்டாள். பயந்தால் தள்ளித்தான் போகும், ஆகவே பயப்படாதே என்றாள் ரத்னம்மா. இனி பயப்படவும் கூடாது என்பது பிஜிமோளை மேலும் பயமுறுத்தியது.

அன்று மதியம் முந்தின நாள் மத்திக் குழம்பு வயிற்றைப் பிரட்ட, படித்துறைக்கு ஓடிப் போய் வாந்தியெடுத்தாள். நிமிர்ந்தால் எதிர்ப் படித்துறையில் தங்கமணி துணி அலசுவதை நிறுத்திவிட்டு நின்றிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் கௌரிக்குட்டி கேட்காமலே எலுமிச்சை ஊறுகாயை அவள் தட்டில் வைத்தாள். பதினோரு வருஷத்தில் மாமியார் தானாகப் பரிமாறிய முதல் ஊறுகாய் அது. பிஜிமோள் அதை விரலால் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தினாள்.

போன் விஷயம் இதைவிட மோசம். சஜிமோன் கூப்பிட்டால் கௌரிக்குட்டி ஸ்பீக்கரில் போட்டு, வாய்க்கால் முழுக்கக் கேட்கும்படி பேசுவதுதான் வழக்கம். இப்போது போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு தென்னை மரத்தடிக்குப் போனாள். அங்கே நின்று கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டாள். திரும்பி வரும்போது மருமகள் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அடுக்களைப் பக்கம் விறகு எடுக்கப் போன கௌரிக்குட்டி அப்படியே நின்றுவிட்டாள். விறகுக்கட்டின் மேல் ஒன்றரை முழ நீளத்தில் பளபளவென்று ஒன்று சுருண்டு கிடந்தது.

“வந்துட்டாங்க” என்றாள் மெல்லிய குரலில். “என்னமோ தப்பு நடந்திருக்கு இந்த வீட்டுல.”

அதைச் சொல்லும்போது அவள் பார்த்தது மருமகளின் வயிற்றை. மருமகள் பார்த்தது காவை. இரண்டு பேரும் ஒரே பாம்பைக் கண்டு வேறு வேறு தப்புக்கு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளம் வடிந்த வருஷத்தில் தீவில் எந்த வீட்டு விறகிலும் பாம்பு இருந்தது என்பதை யோசிக்கிற நிதானம் இருவருக்கும் இல்லை.

கன்னி ஆயில்யத்தன்று மதியத்துக்கு மேல் புள்ளுவன் கொச்சுநாராயணனும் அவர் மனைவி சுலோசனாவும் வள்ளத்தில் வந்து இறங்கினார்கள். வருஷா வருஷம் காவு காவாகப் போய் நாகங்களுக்குப் பாடுகிறவர்கள். சாதாரணமாக இரண்டு பாட்டோடு முடியும். இந்த முறை கௌரிக்குட்டி முன்கூட்டியே ஆள் விட்டு, தோஷம் இருக்கிறது, முழுதாகப் பாட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். தோஷம் என்ற வார்த்தை வாய்க்காலில் எவ்வளவு வேகமாகப் போகுமோ அவ்வளவு வேகமாகப் போய், அக்கரையிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் வரிசையில் தங்கமணி.

பிஜிமோள் தூணோடு தூணாக நின்றாள். மூன்று நாளாக அவள் வயிற்றில் ஒரு பருக்கை தங்கவில்லை. கொச்சுநாராயணன் ஒற்றைத் தந்தி வீணையை வில்லால் இழுத்தார். சுலோசனா சம்மணமிட்டு, மண்குடத்தோடு கட்டிய நரம்பைத் தட்டிப் பாட ஆரம்பித்தாள். கரகரத்த, கணீரென்ற குரல். அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்று பிஜிமோளுக்குத் தோன்றியது. எங்கே என்று தேடுகிற தெம்பு இல்லை.

ஒரு மணி நேரம் பாடி நிறுத்திய சுலோசனா, குடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு வீட்டாரைப் பார்த்தாள். வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். தெரிந்தோ தெரியாமலோ யாராவது அசுத்தத்தோடு காவில் கால் வைத்ததுண்டா, விளக்குத் தொட்டதுண்டா, இருந்தால் இந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள், பாடித் தீர்த்துவிடலாம்.

“அதெல்லாம் இந்த வீட்டுல கெடையாது” என்றாள் கௌரிக்குட்டி. சொல்லிவிட்டு, வேறென்னவோ இருக்கிறது என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். பாயில் உட்கார்ந்திருந்தவர்களின் பார்வை ஒன்றாகத் தூணின் பக்கம் திரும்பியது. தங்கமணி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

பிஜிமோளின் கண்ணுக்குச் செதில் உதிர்ந்த பெரியம்மாவும் விமானத்தை விட்டு இறங்குகிற சஜிமோனும் ஒன்றாகத் தெரிந்தார்கள். இரண்டு பயத்தில் எது பெரியது என்று எடை போட்டுப் பார்க்க நேரமில்லை. வாய் தானாகத் திறந்தது.

“நான் வெச்சேன்.”

சுலோசனா குடத்திலிருந்து கையை எடுத்தாள்.

“எப்போ?” என்றாள் கௌரிக்குட்டி.

“போன ஆயில்யத்துக்கு. நீங்க அம்பலப்புழையில இருந்து வந்த அன்னைக்கு. எனக்கு அன்னைக்கு நாலாம் நாள். மறந்துட்டேன் அம்மே. வெளக்கு பத்தினப்புறம்தான் ஞாபகம் வந்துது. அணைக்கவும் பயம், சொல்லவும் பயம்.” சொல்லிக்கொண்டே அவள் தூணைப் பற்றிச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். இனி அடி விழுந்தாலும் சரி, பாம்பு வந்தாலும் சரி.

கௌரிக்குட்டி எழுந்தாள். விரலை மடக்கி ஏதோ எண்ணினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

“நாலாம் நாளா?”

“ஆமா அம்மே.”

“போன ஆயில்யத்துக்கு நாலாம் நாள்?”

“ஆமா.”

கௌரிக்குட்டியின் முகம் ஒரு மாதத்துக்குப் பிறகு அதன் இடத்துக்குத் திரும்பி வந்தது. அவள் பாயின் பக்கம் திரும்பினாள். “கேட்டியா தங்கமணி? நாலாம் நாளாம். தீட்டோட காவுல வெளக்கு வெச்சிருக்கா என் மருமக.” மருமகளுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்த சேதியைச் சொல்வதுபோல அதைச் சொன்னாள்.

தங்கமணி அவ்வளவு லேசில் விடுகிறவளா? வாய் வார்த்தைதானே, துணி காயவில்லை, பொதி மிதக்கவில்லை, நாலு நாள் விலக்கானவளுக்கு விலக்கானதே மறந்துபோகுமா, கேட்கிறவள் காதில் என்ன பூவா இருக்கிறது என்றாள்.

பிஜிமோள் எழுந்து போய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து பால் பவுடர் டின்னை எடுத்துவந்து எல்லார் முன்னாலும் வைத்தாள். உள்ளே கப்பு சுத்தமாக, ஒரு சின்ன மணியைக் கவிழ்த்ததுபோல் இருந்தது. கௌரிக்குட்டி எட்டிப் பார்த்தாள். “இதுதானா அந்த முட்டை?” என்றாள்.

பாயில் இருந்தவர்களில் நாலு பேர் அதே முகாமில் வாங்கி, அதே பயத்தில் அலமாரியில் பூட்டி வைத்திருந்தவர்கள். அவர்கள் கட்டைவிரலைப் பார்த்தார்கள். தங்கமணி மட்டும், இதைப் போட்டுக்கொண்டு ஒரு பொம்பளை நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றாளாம், குனிந்தால் நிமிர்ந்தால் விழாதாம், யாரிடம் கதை விடுகிறாய் என்றாள்.

“விழாது.”

சொன்னது சுலோசனா. குடத்தின் நரம்பை முறுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். “ரெண்டு மணி நேரம் சம்மணம் போட்டு உரக்கப் பாடினாலும் விழாது.”

பிஜிமோளுக்கு அப்போதுதான் அந்தக் குரல் எங்கே கேட்டது என்று விளங்கியது. அவள் சுலோசனாவைப் பார்த்தாள். சுலோசனா நரம்பைப் பார்த்தாள். கன்னி மாதம் முழுக்க ஒரு நாள் ஓய்வில்லாமல் காவு காவாகப் பாடுகிறவள். மாதத்தில் ஏழு நாளை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று இதுவரை எந்த வீட்டிலும் யாரும் கேட்டதில்லை. கொச்சுநாராயணன் அவசரமாக வீணையை இழுத்து அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்.

கௌரிக்குட்டிக்குக் காது நல்ல காது. அவள் சுலோசனாவை ஒரு கணம் பார்த்தாள், தன் காவைப் பார்த்தாள், பிறகு தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று தீர்மானித்துக் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டாள்.

பாட்டு முடிந்து பாலும் மஞ்சளும் படைத்து எல்லாரும் போன பிறகு சஜிமோன் கூப்பிட்டான். கௌரிக்குட்டி போனைப் பழையபடி ஸ்பீக்கரில் போட்டாள். அவள் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவன் குரல் முந்திக்கொண்டு வந்தது. “அம்மே, மறுபடியும் அதையே கேக்காதீங்க. நான் நடுவுல ஊருக்கு வரல. உங்களுக்குத் தெரியாம வந்துட்டுப் போறதுக்கு ஓமான் என்ன அக்கரையா? பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களா இல்லையா?”

பிஜிமோள் மாமியாரைப் பார்த்தாள். தென்னை மரத்தடியில் கையை ஆட்டி ஆட்டிக் கேட்டது இதுதானா? கௌரிக்குட்டி போனை அணைத்துவிட்டு, “எனக்கும் பயமா இருந்துது மோளே” என்றாள். விறகுக்கட்டுப் பக்கம் போனாள். பாம்பு இன்னும் அங்கேதான் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் நீர்ச்சாரை. ஒரு தவளையை விழுங்கிவிட்டு நகர முடியாமல் கிடந்தது.

மறுநாள் காலை, இனி எதற்கும் காத்திருக்க வேண்டாம் என்று பிஜிமோள் விட்டுவிட்ட பிறகு, தாமதமாக வந்த படகைப்போல எந்த மன்னிப்பும் கேட்காமல் அது வந்து சேர்ந்தது. அவள் நேரே அடுக்களைக்குப் போய்ச் சொன்னாள். அந்தியில் கௌரிக்குட்டி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி, தேவையே இல்லாமல் படித்துறை வழியாகச் சுற்றிக்கொண்டு காவுக்குப் போனாள்.

“தங்கமணீ,” என்று வாய்க்காலைத் தாண்டிக் குரல் போனது. “பிஜிக்கு இன்னைக்கு முடியாது. நான்தான் வெளக்கு வெக்கறேன். பாத்துக்கோ.”

வாய்க்காலில் போய்க்கொண்டிருந்த அரசுப் படகில் அறுபது பேராவது இருந்திருப்பார்கள். பிஜிமோள் கதவுக்குப் பின்னால் நின்று, ஒட்டகத்தின் மேல் சத்தியமாக, பூமி பிளந்தால் தேவலை என்று நினைத்தாள்.

சஜிமோன் விருச்சிகத்தில் வந்து போய்விட்டான். இப்போது வீட்டில் ஒரு புது வழக்கம். பொதியும் இல்லை, துணியும் இல்லை, நடையிலும் ஒன்றும் தெரியவில்லை என்பதால், அந்தியில் திரியைக் கையில் கொடுக்கும் முன் கௌரிக்குட்டி கேட்டாக வேண்டியிருக்கிறது. “வெக்கலாமா மோளே?”

வைக்கலாம் என்று பிஜிமோள் சொன்னால் கிண்ணம் அவள் கைக்கு வரும். வேண்டாம் என்றால் முட்டி புறப்படும். அவள் சொல்வதுதான் சாட்சி. மழைக்காலத்தில் மாமியாரின் முட்டி வீங்கிக் கிடந்த ஒரு மாதத்தில், அன்று தனக்கு இரண்டாம் நாள் என்று தெரிந்தும் அவள், வைக்கலாம் என்றாள். புன்னை மரத்தடியில் மூன்று தீக்குச்சிகள் அணைந்தன. நாலாவது குச்சியில் விளக்கு பற்றிக்கொண்டது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திறந்து பார்த்தபோது நாகங்கள் இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன.